கிணற்றடியில் பச்சைச் சேலை

போன வாரம் ராக்குவைப் பின்கட்டு அறையில் விட்டுவிட்டு வந்தோம். வெள்ளையடிக்க வந்தவர்கள் சிந்திய சுண்ணாம்பைத் தரையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். "வீடு சர்க்காருக்குப் போனாலும் இந்த அறை உனக்குத்தான் அத்தை" என்று அண்ணன் மகன் வேல்ராஜ் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். அந்த வார்த்தைதான் அவளுக்கு வாரம் முழுக்கச் சோறும் தூக்கமும்.

அது ஆடி வெள்ளிக்கிழமை காலைப் பலகார நேரம் வரைக்கும் தாங்கியது.

மறுநாள் திறப்பு விழா. கடலாடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கருவேலங்காடும் இன்னொரு பக்கம் உப்புக்காற்றுமாகக் கிடக்கிற அந்த ஊருக்கு அமைச்சர் வருகிறார். வாசலில் 'எழுத்தாளர் மு. சாத்தையா நினைவில்லம்' என்று பளிங்குக்கல் பதித்துத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பெட்டியில், செருப்பு ஒரு பெட்டியில், சாய்ந்து எழுதிய நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. அந்தச் செருப்பை அவர் இருந்த காலமெல்லாம் துடைத்து வைத்தவள் அடுப்படியில் வேலையாட்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

விழா வேலைகளைப் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து முருகலட்சுமி என்ற அதிகாரி வந்திருந்தார். சுறுசுறுப்பான பெண். வேல்ராஜோடு ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் அடுப்படி வாசலில் நின்றார்.

"இவங்க யாரு சார்?"

ராக்கு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தயாரானாள். 'எங்க அத்தை' என்று அவன் சொல்லப்போகிறான், 'வாங்கம்மா, வடை சாப்பிடுங்க' என்று தான் சொல்ல வேண்டும். இதுதான் அவள் மனதில் ஓடியது.

"வீட்டைப் பாத்துக்கிறவங்க மேடம். ரொம்ப வருசமா இருக்காங்க" என்றான் வேல்ராஜ். பிறகு அடுப்படிக்குள் தலையை நீட்டி, "ராக்கம்மா, மேடத்துக்கு ஒரு டீ கொண்டாங்க" என்றான்.

ராக்கம்மா! கொண்டாங்க! நடக்கத் தெரியாத வயதிலிருந்து 'அத்தை, நீ வா, நீ போ' என்று இடுப்பில் தொங்கியவன்.

முருகலட்சுமி டீயை வாங்கிக்கொண்டே சொன்னார். "பின்கட்டு ரூம்ல ஒரு கட்டில் கெடக்குதே, சாயங்காலத்துக்குள்ள எடுத்திருங்க. அங்கதான் புத்தகக் கடை போடப்போறோம்."

"எடுத்திருவோம் மேடம்" என்றான் வேல்ராஜ். அத்தை முகத்தைப் பார்க்காமல் சுவரில் பெயின்ட் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

அவர்கள் நகர்ந்ததும் ராக்கு சட்டியை இறக்கி வைத்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த வேல்ராஜின் மனைவி அமுதவள்ளி தலையைத் தூக்கவே இல்லை.

"ஏத்தா அமுதா, உன் புருசன் என்னய ராக்கம்மாங்கறான். கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"என் கட்டிலை எடுக்கச் சொல்றாக."

"உத்தரகோசமங்கைல கோயிலுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பேசி வச்சிருக்காக. மூணு வேளையும் மடத்துல சாப்பாடாம். சாயங்காலம் கார் வருது." அமுதவள்ளி தேங்காயை அழுத்தித் துருவினாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேக்குறா?"

"எதுக்குடி இப்பிடி?"

"அவுகளையே கேளுங்க."

கேட்கத்தான் போனாள். வேல்ராஜ் எப்போதும் யாராவது நாலு பேருக்கு நடுவில் நின்றான். தனியாக மாட்டாமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு பெரும்பாடு.

ராக்குவின் கதையைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அபிராமம் பொன்னுச்சாமியோடு நிச்சயம் ஆயிற்று. அண்ணன் சாத்தையா அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் 'உவர்க்கேணி' என்று தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். அதில் செவந்தி என்று ஒரு பெண். கல்யாணம் நிச்சயமான பெண். அவளுக்கு ராக்குவைப் போலவே இடது புருவத்தில் தழும்பு, ராக்குவைப் போலவே தரையதிர நடக்கிற நடை, கொல்லையில் ராக்குவின் வீட்டுக் கிணற்றைப் போலவே வாய் அகன்ற கிணறு. மாவட்டமே வாராவாரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிப் படித்தது. சம்பந்தி வீட்டாரும்தான். நாமெல்லாம் வாராவாரம் எழுதிப் பிழைக்கிறவர்கள். அக்கம்பக்கத்து முகங்களை எடுத்துப் போட்டுக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எடுத்த முகத்தை என்ன செய்கிறோம் என்பது இருக்கிறதே!

சாத்தையா செவந்தியை வயிற்றில் பிள்ளையோடு ஒரு சித்திரை மாதத்தில் கிணற்றில் குதிக்கவிட்டார்.

அடுத்த வாரம் அபிராமத்திலிருந்து தாம்பூலம் திரும்பி வந்தது.

"சித்திரையில இந்தக் கெணத்துல முழங்கால் தண்ணிதான் கெடக்கும். அதுல எவடா விழுந்து சாவா? ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் செவந்தி நான்தான்னு நம்புனானுக பாரு!" என்று ராக்கு பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாளும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. அண்ணன் எழுதியது கதை, ஊர்தான் முட்டாள். இதுதான் அவள் கட்சி. கைக்குழந்தை வேல்ராஜை விட்டுவிட்டு அண்ணி கண்ணை மூடியிருந்த நேரம் அது. கல்யாணம் நின்ற தங்கச்சிக்குத் தூக்கி வளர்க்க ஒரு பிள்ளையும் பொங்கிப்போட ஓர் அண்ணனும் இருந்தார்கள். காலம் ஓடிவிட்டது. மறுபடி ஒரு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அதைப் பற்றியும் அவள் யோசித்ததில்லை. யோசிக்க எங்கே நேரம், பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் அண்ணனுக்குக் காப்பி ஆற்றவுமே பொழுது சரியாக இருந்தது.

அதற்குள் செவந்தி சாமியாகிவிட்டாள். எங்கள் சீமையில் கல்யாணமாகாமல் அற்பாயுசில் போன பெண்ணைச் சும்மா விடுவதில்லை. சேலை எடுத்து, காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுவோம். கதையைப் படித்துவிட்டு அழுத பெண்கள் உத்தரகோசமங்கைக்கு வந்த கையோடு ஆடி வெள்ளியில் வேன் பிடித்து இந்தக் கிணற்றுக்கும் வந்தார்கள். சுற்றுச்சுவரில் சேலை வைத்து, வளையல் வைத்து, 'தாயே, என் மகளுக்கு நல்ல இடமா அமையணும்' என்று வேண்டிக்கொண்டு போனார்கள். வைத்த சேலை வீட்டுக்கு உரியது. வருடம் திரும்பும்வரை ஓலைப்பெட்டியில் இருந்துவிட்டு, அந்த வீட்டில் பிறந்த பெண்தான் உடுத்தலாம். வெளி ஆள் தொடக்கூடாது.

சாத்தையா வீட்டில் பிறந்த பெண் ராக்கு ஒருத்திதான். ஆக, செவந்திக்கு வந்த சேலைகளை இத்தனை வருடமும் அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அவற்றில் மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்று வருடம் தவறாமல் வரும். அதன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். விழா வருகிறதே என்று அன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் கட்டியிருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்தது. முன்கட்டில் ஸ்பீக்கர்காரர் வயரை மாட்டிக்கொண்டிருந்தார். சாத்தையாவின் படத்துக்குக் கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் எழுத்தாளர் பேசுவார். மதுரையில் எப்போதோ ஒரு பாராட்டு விழாவில் பேசியதை யாரோ ரசிகர் கேசட்டில் வைத்திருந்து கொடுத்திருந்தார். நாளைக்கு அமைச்சர் கையால் பொத்தானை அமுக்குவதுதான் விழாவின் முக்கியக் கட்டம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராக்குவின் காதில் அண்ணன் குரல் விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிற அதே குரல். கரி படிந்த கையோடு எழுந்து முன்கட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். எத்தனை வருடம் கழித்து! கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"...செவந்தி கற்பனையா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் என் கூடப்பிறந்த ஒரே தங்கை. எங்கள் வீட்டுக் கிணற்றில்தான் விழுந்தாள். இந்தக் கையால்தான் தூக்கினேன். காப்பாற்ற முடியவில்லை. அவளுக்கு நான் போட்ட கொள்ளிதான் இந்த நாவல்..."

கைதட்டல். குரல் தழுதழுக்கிறது. மறுபடியும் கைதட்டல்.

"சவுண்டு போதுமா மேடம்?" என்றார் ஸ்பீக்கர்காரர்.

முருகலட்சுமி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை தடவை கேட்டாலும் தாங்க முடியல."

ராக்கு அங்கேயே நின்றாள். செவந்தி அவள்தான் என்பது ஊர் கட்டிவிட்ட பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அண்ணனே சொல்லியிருக்கிறான். மதுரையில் மாலையைப் போட்டுக்கொண்டு தங்கச்சியைக் கொன்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் வீடு வந்து, 'ராக்கு, பசிக்குது, சோறு போடு' என்றிருக்கிறான். அவளும் போட்டிருக்கிறாள். வெந்நீர்கூட வைத்துக் கொடுத்திருப்பாள்!

வேல்ராஜ் அவள் தோளைப் பிடித்து அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். இப்போது தனியாக மாட்டிக்கொண்டான்.

"உனக்கு இது முந்தியே தெரியுமாலே?"

"மேடம்தான் கேசட்டைக் கொண்டாந்து போட்டாங்க. அப்பத்தான் தெரியும்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான? எங்க அத்தை உசுரோட இருக்காகன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை!"

"எப்பிடிச் சொல்லச் சொல்ற? சொன்னா அய்யா பொய்யர்னு ஆகிப்போகும். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நினைவில்லம்னு முடிவே பண்ணாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்லாம் பாடத்துல படிக்குதுக அத்தை."

"அதுனால நான் செத்துப் போயிரணும்."

"அப்பிடியா சொன்னேன்? உத்தரகோசமங்கைல..."

"நீ சொல்லலை. உங்க அய்யன் சொல்லிட்டான். நீ தூக்கிட்டுப் போயி எரிக்கிறதுக்குக் கார் பிடிச்சிருக்க."

வேல்ராஜ் கண்கலங்கினான். நிஜமான கண்ணீர்தான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் ராக்குவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இடுப்பில் வைத்துச் சோறூட்டிய பிள்ளை அழுகிறதே என்று அந்த நேரத்திலும் அவள் கை அவன் கன்னத்துக்குப் போகப் பார்த்தது. அந்தக் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாள் அத்தை. நாளைக்கு விழா முடியட்டும். உன் கால்ல விழுறேன்."

"புத்தகக் கடையும் ஒரு நாள்தானாலே?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனான்.

சாயங்காலம் ராக்குவின் துணிகள் ஒரு பைக்குள் போயின. மடித்து வைத்தவள் அமுதவள்ளி. கட்டிலைத் தூக்கிக் கொல்லையில் சாத்தினார்கள். உத்தரகோசமங்கைக் கார் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேன் வந்தது.

ஆடி வெள்ளி வேன். தேங்காய், பூ, வளையல், சேலை என்று தாம்பாளங்களோடு பெண்கள் இறங்கினார்கள். 'இதைத்தான் நாளைக்கு அமைச்சர் கிட்டச் சொல்லணும்' என்று முருகலட்சுமி உற்சாகமாகிப் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். ராக்கு பழக்கதோஷத்தில் செம்பில் தண்ணீரோடு கிணற்றடிக்குப் போனாள். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி முன்னால் வந்து கிணற்றுச் சுவரில் மஞ்சள் தடவி, காதோலை கருகமணி வைத்து, ஒரு சேலையை விரித்தாள். பச்சை. மஞ்சள் கரை.

ராக்கு செம்பை இறக்கிப் பிடித்தாள்.

"எங்கேருந்தும்மா வர்றீங்க? வருசா வருசம் வருவீங்களா?" என்று போனை நீட்டினார் முருகலட்சுமி.

"அபிராமங்க. என் பேரு கலைச்செல்வி. எங்க அய்யாதான் அனுப்புவாக. இந்தச் செவந்தியத்தான் அவுகளுக்குப் பேசி முடிச்சிருந்துச்சு. எங்க அப்பத்தா வீட்டுல கதையைப் படிச்சுட்டு வேணாம்னுட்டாக. அய்யாவுக்கு மனசு கேக்கலை. ஒரு மாசம் கழிச்சு, பெத்தவுக பேச்சை மீறிக் கட்டிக்கிறேன்னு இங்கன வந்திருக்காக."

ராக்கு ஓரடி முன்னால் வந்தாள்.

"வந்து?" என்றார் முருகலட்சுமி.

"இந்த வீட்டுக்கார எழுத்தாளர்தான் வாசல்ல நின்னாகளாம். 'போயிட்டாப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு'ன்னு தோளைப் பிடிச்சு அழுதாகளாம். அய்யா வாசப்படிகூட மிதிக்காமத் திரும்பி, அப்பிடியே மிலிட்டரிக்குப் போயிட்டாக. ரொம்ப வருசம் கழிச்சுத்தான் எங்கம்மாவைக் கட்டுனது. இந்த வருசம் நானும் வாரேன்னு வந்திருக்காக. எறங்கத்தான் மாட்டேங்குறாக, வேன்லயே உக்காந்திருக்காக."

மதுரை மேடையில் சொன்னது கைதட்டலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வாசலில் சொன்னது? அன்றைக்கு வாசலில் அண்ணன் பொன்னுச்சாமியோடு பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவள் இருந்திருப்பாள். தாலாட்டுச் சத்தம்கூட வெளியே கேட்டிருக்கும். தங்கச்சி கல்யாணமாகிப் போய்விட்டால் தொட்டிலை ஆட்ட யாரும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் அவளை உயிரோடு வீட்டுக்குள் வைத்து வெளியே கொளுத்தினான்.

தண்ணீர் வாங்கத் திரும்பிய கலைச்செல்வியின் கண் ராக்குவின் சேலையில் நின்றது. கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நாங்க போன வருசம் வச்ச சேலையில்ல?" குரல் சட்டென்று ஏறியது. "போன வருசம் நீங்கதான தண்ணி குடுத்தீக? சமையலுக்கு இருக்கவுகதான நீங்க?"

"வீட்டைப் பாத்துக்கிறவங்கம்மா, தெரியாமக் கட்டியிருப்பாங்க" என்றார் முருகலட்சுமி.

"என்ன தெரியாம? சாமிக்கு வச்சதை வீட்டுல பொறந்த பொண்ணுதான் கட்டணும். கண்டவுக எடுத்துக் கட்டுறதுக்கா எங்க அய்யா வருசா வருசம் அழுதுக்கிட்டே எடுத்து அனுப்புறாக? கழட்டிக் குடுங்க மொதல்ல!"

பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து வேல்ராஜ் ஓடி வந்தான். ராக்கு அவனைப் பார்த்தாள். 'இப்பவாவது சொல்லுடா' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. இவ்வளவுக்குப் பிறகும் கெஞ்சியது. அவன் பெண்களைப் பார்த்துக் கை கூப்பினான்.

"தப்புதான் தாயி, மன்னிச்சிருங்க. வேற சேலை மாத்திக்குவாங்க. ராக்கம்மா, நீங்க உள்ள போங்க."

அவ்வளவுதான். ராக்கு செம்பைக் கிணற்றுச் சுவரில், அந்தப் புதுப் பச்சைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கழட்ட மாட்டேன் தாயி. நீ யாருக்குக் கொண்டாந்தியோ அவதான் கட்டியிருக்கா."

கலைச்செல்விக்குப் புரியவில்லை. ராக்கு இடது புருவத்தின் மேல் விழுந்த நரைமுடியை ஒதுக்கினாள். தழும்பு தெரிந்தது. கதையைப் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான தழும்பு. கூட்டத்தில் ஒருத்தி "ஆத்தீ!" என்று பின்வாங்கினாள்.

"அத்தை!" என்று அலறினான் வேல்ராஜ்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. முருகலட்சுமி போனைத் தாழ்த்தினார். "அத்தையா? யாருக்கு சார் அத்தை?"

அவன் நின்ற கோலத்தைப் பார்க்க ராக்குவுக்கு நேரமில்லை. தரையதிர நடந்து வேனுக்குப் போனாள். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே மஃப்ளர் சுற்றிய ஒரு தலை குனிந்திருந்தது.

"மகளே கலைச்செல்வி, உங்க அய்யாவைக் கேளு" என்றாள், உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி. "பொய்யைக் கேட்டுட்டு வாசப்படி மிதிக்காமப் போனாகளே, இப்பவாவது எறங்குவாகளான்னு கேளு."

தெருமுனையில் உத்தரகோசமங்கைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

வேன் கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.